கரண்ட் போகும் ஊரில் என் கடை

வடலூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள உங்களுக்கு,

அன்போடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்தோடும் திலகவதி எழுதிக்கொள்வது. நான் நலம். ஒடிசாக் குளிரில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆசை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பிவிடுகிறீர்கள். போனில் பேசினால், என் முறை வருவதற்குள் சுரங்கத்தில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தத் தாள்.

நெட் சென்டரை மூடிவிட்டு, சேத்தியாத்தோப்பில் உங்கள் அம்மாவோடு போய் இருக்கச் சொல்கிறீர்கள். உங்கள் தம்பி ராஜ்மோகன் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

கம்மாபுரத்திலிருந்து இசைப்பிரியா என்ற பெண் நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தாள். அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ், போட்டோ எல்லாம் ஏற்றிப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்தது. நெட் வருகிற ரௌட்டரும் அணைந்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, இதோ வந்துவிடும் என்றேன். கரண்டே போகாத நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? அப்பா ரிட்டயர் ஆகும்வரை எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி பிறந்தநாள் கேக்குக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வாங்கினேன், பிரிண்டர் வாங்கினேன், பேட்டரி ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. டவுன்ஷிப்காரி மட்டும் செய்கிற தப்பு அது.

செல்போன் நெட்டை இணைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஊரே செல்போனைக் கையில் எடுத்திருக்கும் போல, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ராஜ்மோகன் வந்தார். ஒங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேல, அந்தப் பொண்ண வூட்டுக்கு அனுப்பிட்டுக் கடைய சாத்துங்க என்றார். இசைப்பிரியா அழ ஆரம்பித்தாள்.

சாத்தினேன். சாத்திவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போனேன். அப்பாவோடு மைன்ஸில் வேலை பார்த்த மருதமுத்து மாமா செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தன் மகளின் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டுப் போனார். பணம் கட்டும்போது ஓடிபி எண் அந்தப் பெண்ணின் அப்பா போனுக்குப் போயிற்று. அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே அதைத் தப்பாகப் படித்துச் சொன்னார், நான் புது எண் வரவழைத்தேன், இரண்டாம் முறை சரியாகப் படித்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ராஜ்மோகன் சொன்ன கதையில் இந்தப் பாதி இருந்ததா?

இப்போது கடையில் பேட்டரி இருக்கிறது. ரௌட்டருக்கும் அதிலிருந்து தனியாக இணைப்பு கொடுத்தாகிவிட்டது. கேபிள் அறுந்தால் பயன்படுத்த வேறு கம்பெனியின் சிம் ஒன்றும் வைத்திருக்கிறேன். இன்டர்நெட் என்றால் திரை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கரண்ட், கம்பி, ரௌட்டர், ஓடிபி வருகிற போன், இதில் எது இல்லையென்றாலும் வேலை நின்றுவிடும் என்று இப்போது நன்றாகத் தெரியும். நானும்தான் அதில் ஒன்று.

காண்ட்ராக்ட் தொழிலாளிகள் பி.எஃப். பணம் கேட்டு மனுப் போட இங்கேதான் வருகிறார்கள். கொளஞ்சியப்பன் தாத்தா சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்க வேட்டி மாற்றிக்கொண்டு வருகிறார். உங்கள் அம்மாவே போன வாரம் பென்ஷன் வந்ததா பாரு என்று போன் செய்தார். பார்த்துச் சொன்னேன். வந்து என்கூட இருந்துடு என்றார். வர மாட்டேன் என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான். நீங்கள் சத்தம் போட்டாலும், பேசாமல் இருந்தாலும், மூட மாட்டேன். பழைய பலகையில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது. புதுப் பலகையில் என் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று தெரியும். புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு உங்கள் பெயரில் டிக்கெட் போட்டுவிட்டேன், நம் கடையிலிருந்துதான். முதுகுக்காகக் கீழ்ப் படுக்கை. சென்னையிலிருந்து பஸ்ஸுக்கும் போட்டாகிவிட்டது, வடலூர் வரைக்கும், சேத்தியாத்தோப்பு வரைக்கும் இல்லை. என்னால் இங்கிருந்து செய்ய முடிந்ததை எல்லாம் செய்துவிட்டேன். வண்டியில் ஏறுவதை மட்டும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறி வாருங்கள்.

உங்கள்
திலகவதி