வேதக்காரர் பொய் சொல்ல மாட்டார்

12.2.1957, செவ்வாய்

உபதேசியாரான என் அப்பா இன்று தோட்டத்துத் துரைக்கு முன்னால் பொய் சொன்னார்.

நேற்றுத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை, கொழுந்து பறிக்கும் முத்தம்மாவை அறைந்தார். அதைக் கண்ணால் கண்டதாக வீட்டில் எங்களிடம் சொன்னவரே அப்பாதான். ஆனால் அவள்தான் தன்னை அடித்தாள் என்று கணக்கப்பிள்ளை துரையிடம் முறையிட்டுவிட்டார். துரை சாட்சி கேட்டார். முத்தம்மா யோசிக்கவே இல்லை.

"உபதேசியார் ஐயாவைக் கேளுங்க தொரை. வேதக்காரங்க, பொய் சொல்ல மாட்டாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். கணக்கப்பிள்ளை சிரித்தார். "போ, ஒங்க மாரியாத்தாவச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா!"

முத்தம்மாவுக்கு வேலை போய்விட்டது. சனிக்கிழமைக்குள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விட வேண்டும்.

ஆபீஸ் வாசலில் நின்ற என்னிடம் வந்தாள். அப்பாவைத் திட்டியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"ஐயா அந்தப் பக்கம் திரும்பி நின்னிருப்பாங்க தம்பி. பாத்திருந்தா சொல்லாம இருப்பாங்களா?"

நம் விசுவாசம் நடத்தையில் தெரிய வேண்டும் என்று அப்பா ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிறார். தெரிந்துதான் இருக்கிறது. அதை நம்பித்தானே அவள் கெட்டாள்.

வீட்டில் அப்பாவிடம் ஏன் என்று கேட்டபோது, "செபவீடு தொரை குடுத்த எடம்டா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இன்னும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கத்தவும் தெம்பில்லை. நான் கேட்டது இவ்வளவுதான்:

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்கப்பா. பாத்ததைச் சொல்லுங்க."