உன் மேல் விழுந்த கிரகணப் பழி

என்னை இடுப்பில் சுமந்து சுமந்தே ஒரு பக்கம் சாய்ந்துபோன என் அம்மாவுக்கு,

நீ போய் இது இரண்டாவது ஆடி. நீ கண்மூடிய சில வாரத்தில் சுதந்திரம் வந்தது. இங்கே அரியலூரில்கூட மிட்டாய் கொடுத்தார்கள். நான் நீ பிறந்த வீட்டில்தான் வாழ்கிறேன். என்னைக் கட்டிக்கொண்ட உன் அண்ணன் மகன் என்னை நன்றாகவே வைத்திருக்கிறார். என் கட்டைக்காலின் தோல்வாருக்கு எண்ணெய் போடுவதுகூட அவர்தான்.

இன்று ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னைத் தவிர வேறு யாருக்கு இது புரியும்?

என் கொழுந்தன் பெண்டாட்டி செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலை நிறைய முடி. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பு முன்பக்கமாக வளைந்திருக்கிறது. பிறந்தபோது என் காலும் இப்படித்தான் இருந்தது என்று நீ சொல்லியிருக்கிறாய்.

அப்போது நம் ஊர் வாலிகண்டபுரத்தில் உன்னை என்னவெல்லாம் சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று சோளத்தட்டை அறுத்தாயாம், அதனால்தான் என் கால் கோணிவிட்டதாம். அப்பா அப்படிச் சொன்னதில்லை. ஆனால், சொன்னவர்களைத் தடுத்ததுமில்லை.

நான் தத்தி நடக்கத் தொடங்கியதும் அந்த எலும்பு ஒடிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். சேரவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ஒடிந்த இடம் இன்னொரு முட்டி மாதிரி ஆடத் தொடங்கியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமானாலும் காடானாலும் கோயிலானாலும் எனக்கு உன் இடுப்புதான்.

யுத்த காலத்தில் பெரம்பலூரில் கரியில் ஓடும் பஸ் ஏறி, நீயும் அப்பாவும் என்னைத் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். மேடு வந்தபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நீயும் என்னை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தள்ளினாய்.

"புள்ளய வச்சுக்கிட்டு நீ ஏம்மா எறங்குன? உக்காரு" என்றார் கண்டக்டர்.

"எல்லாருந்தானே போறோம்" என்றாய்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இந்த எலும்பு இனிமே சேராதும்மா. கீழ்க்காலை எடுத்துட்டுக் கட்டைக்கால் போட்டா புள்ள தன்னால நடக்கும்" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நீ அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாய்.

"கிரகணத்துல நான் அருவா எடுத்ததாலங்களா?"

"இல்லம்மா. கருவுல எலும்பு உருவாகும்போதே சில புள்ளைங்களுக்கு இப்படி ஆயிடுது. ஏன்னு எங்களுக்கே தெரியல. நீ செஞ்ச எதனாலயும் வரல." பிறகு, "ஒடியறதுக்கு முன்னாடி வந்திருந்தா, காலுக்கு இரும்புச் சட்டம் போட்டு ஒடியாம பாத்துக்க முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றும் சொன்னார்.

இந்த இரண்டில் எதை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய், அம்மா? நான் கட்டைக்காலோடு நடந்தேன், கல்யாணமும் ஆனது. அப்படியும் கடைசிக் காய்ச்சலில் "ஒங்காலு என்னாலதான் போச்சு" என்றுதானே புலம்பினாய்?

இங்கே இப்போது பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கிறது. உன் அண்ணி, என் மாமியார், பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மாசமா இருந்தப்ப தெனமும் இவ மொகத்துலதானே முழிச்சா. புள்ள வேற எப்படிப் பொறக்கும்?" அன்றிலிருந்து செல்லம்மா குழந்தையை என் கையில் கொடுப்பதில்லை. நீ எத்தனை வருஷம் இதைச் சுமந்தாய்? எனக்குச் சில நாளே தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, குழந்தையைக் குளிப்பாட்ட வந்த மருத்துவச்சியிடம் காலை உருவி நேராக்கச் சொன்னார் அத்தை. அடுப்படியில் இருந்த எனக்குக் குழந்தை வீரிட்ட சத்தம் கேட்டது. ஓடினேன், என்னால் ஓட முடிந்த அளவுக்கு.

"உருவாதீங்க. ஒடிஞ்சிடும்."

"ஒனக்கென்னடி தெரியும்? பச்ச எலும்பு, உருவுனா நேராயிடும்" என்றார் அத்தை.

"எனக்குத்தான் அத்தை தெரியும்." கட்டைக்காலோடு எப்படி உட்கார்ந்தேனோ, குளிப்பாட்டிய ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என் காலு ஒடிஞ்சுது, சேரவே இல்ல. இது இன்னும் ஒடியல. அத நெனச்சுப் பாருங்க."

மருத்துவச்சிதான் முதலில் கையை எடுத்தாள். செல்லம்மா குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீயும் பண்ணல, நானும் பண்ணல. எங்கம்மாவும் ஒண்ணும் பண்ணல."

அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். எண்ணெய் வழுக்கியது, பயந்து பயந்து பிடித்துக்கொண்டேன்.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று, "ரயில்ல காத்து அடிக்கும், புள்ளைக்குத் துணி நெறய எடுத்துக்கங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். திங்கட்கிழமை காலை ரயிலில் நானும் செல்லம்மாவும் திருச்சிக்குப் போகிறோம். அந்த டாக்டரம்மா இன்னும் அங்கே இருக்கிறாரோ என்னவோ. சட்டம் போட்டும் கால் ஒடியலாம் என்பதைச் செல்லம்மாவிடம் மறைக்கவில்லை.

அந்தக் கால் நிலைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் இதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். செல்லம்மா கிழவியாகிக் காய்ச்சலில் கிடந்தாலும், "என்னாலதான்" என்ற சொல் அவள் வாயில் வராது. வரவிடாமல் நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் வயிற்றில் குறையில்லாமல் பிறந்த மகள்,
பாக்கியம்