வெள்ளப் பலகையின் பின்பக்கம்

உருக்குத் திங்கள் 4

குள்ளர்கள் நாங்கள் இந்த மலைக்குள் கர்த்தோல் நகரத்தைக் குடைந்து ஆயிரம் வருடம் ஆகப்போகிறது. விழாவுக்காக மண்டபத்து வரலாற்றுக் கற்பலகைகளைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டார்கள். வரலாறு பொறிக்கிறவனுக்கு முதுகு இரும்பா என்ன? பக்கத்து வீட்டு ஹார்குக் தூக்க வந்தான்.

அவன் தாத்தா உல்தின், ஒரு கதவுக் காவலர். வெள்ளத்துக்குப் பயந்து கீழ்க்கதவை மூடி, உள்ளே நாற்பது பேரைச் சாகவிட்டவர் என்கிறது வெள்ளப் பலகை. அந்த வம்சம் ஏழு தலைமுறைக்குத் தாடி பின்னக்கூடாது.

"அடுத்த மாசம் கல்யாணம்ணே. பொண்ணு வீட்டுல அத்தனை பேரும் பின்னிக்கிட்டு வருவாங்க, மாப்பிள்ளை மட்டும் ஆட்டுக்கடா மாதிரி நிக்கணும்," என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

உருக்குத் திங்கள் 6

வெள்ளப் பலகையின் பின்பக்கமும் எழுத்து!

கல்லில் பிழை விட்டால் திருப்பிப் போட்டுப் புதிதாகப் பொறிப்போம். பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். ‘உள்ளிருந்தவர்களே சுத்தியலால் மூன்று முறை தட்டினார்கள்: மூடு. உல்தின் அழுதுகொண்டே மூடினார். அணையைக் காக்கத் தவறியவர் நகரத் தலைவர்.’

இரண்டு பக்கமும் என் தாத்தாவின் கை. தலைவரைக் காப்பாற்றவா திருப்பிப் போட்டாய்? பாவி மனுஷா!

ஹார்குக்குக்குப் பழைய எழுத்து தெரியாது. "என்னண்ணே போட்டிருக்கு?"

"பிழை," என்றேன்.

உருக்குத் திங்கள் 7

கல்லில் பொய் பொறித்தவன் வம்சத்துக்கும் அதே ஏழு தலைமுறைதான்.

உருக்குத் திங்கள் 11

என் மகள் ருன்னாவிடம் சொன்னேன். போன வாரம்தான் அவளுடைய இளந்தாடிக்கு முதல் பின்னல் போட்டோம். "எனக்கு ஒரு வாரந்தானேப்பா ஆச்சு," என்று அழுதாள். இதைச் சபையில் சொல்ல என்னால் முடியுமா? முடியாது. ஆனால் ஹார்குக் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?

உருக்குத் திங்கள் 12

சபையில் படித்துவிட்டேன்.

உருக்குத் திங்கள் 15

ருன்னா காலையிலேயே தன் பின்னலைத் தானே அவிழ்த்துவிட்டாள்.

என் பின்னலை அவிழ்க்க வேண்டியவன் ஹார்குக். பாதிக்கப்பட்டவன் கையால் அவிழ்ப்பதுதான் முறை. ஊரே பார்க்க எதிரில் வந்து நின்றான்.

"அன்னிக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்டா."

தாடியைப் பிடித்தான். விரல்கள் மேலும் கீழும் தடுமாறின. பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்: "எங்கேருந்து அவுக்கணும்ணே? நான் பின்னலைத் தொட்டதே இல்ல."

அவன் விரலைப் பிடித்து அடி முடிச்சில் வைத்தேன்.