ஐம்பத்தைந்தாம் எண் வேன்

பிப்ரவரி 12
தம்பி பாண்டித்துரை தன் சுற்றுலா வேனைப் பெயிண்டரிடமிருந்து எடுத்துவந்தான். ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாக, கதவில் 55. மாஸ்டா 787B என்ற ஜப்பான் காரின் கோலமாம். 1991-இல் பிரான்சில், லெமான் பந்தயத்தில் இருபத்துநான்கு மணி நேரம் ஓடி முதலில் வந்தது. நிஜக் கார் அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது; வீடியோ கேமில் என் தம்பியின் கையில் நான்கு வருடமாக ஓய்வில்லை. இப்போது ராமேஸ்வரம்–தனுஷ்கோடி மார்க்கத்தில் மறுபிறவி. நல்ல ஆத்மாக்களுக்கும் சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது.

பிப்ரவரி 22
அதே வேனில் உப்பூர்ப் பக்கம் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனோம். நாகஜோதி, தொண்டியில் கணக்கு டீச்சர். அவள் அப்பா உக்கிரபாண்டி, நிலபுலன் உள்ளவர், மாடு வாங்க வந்தவர் போல வேனைச் சுற்றிவந்தார்.
“எந்தக் கட்சி, மாப்ள?”
“கட்சி இல்ல மாமா, காரு.”
“சரி, காரு எந்தக் கட்சி?”
சன்னலுக்குள் நாகஜோதி சிரித்தாள். சம்மதம் என்றும் சொல்லிவிட்டாள். தம்பி, திருப்பமே இல்லாத சாலையில் வழி தவறி வீடு வந்து சேர்ந்தான்.

மார்ச் 8
ராமேஸ்வரத்தில் எல்லாருக்கும் ஆரஞ்சு மட்டும் தெரிகிறது. தொண்டியில் பச்சை மட்டும். வேன் ஸ்டாண்ட் செயலாளர் காளீஸ்வரன் கேட்டாராம்: “ஏலே, ரெண்டு பந்தியிலயும் துண்டு போட்டு வைக்கிறியாக்கும்?” தம்பிக்கு எவர் கேட்டாலும் ஒரே பதில்: “கேம்ல வர்ற காருண்ணே.” உண்மை என்பதால் ஒருவரும் நம்புவதில்லை.

மார்ச் 21
தேர்தல் தேதி வந்தாயிற்று. தேவிப்பட்டினத்துக்குப் பயணிகளை ஏற்றிப் போன வழியில் பறக்கும் படை மறித்தது. தம்பி போனில் கேமைக் காட்டினான். அதிகாரி தானே ஓட்டிப் பார்த்து, முதல் வளைவிலேயே சுவரில் மோதி, “இது ஆதாரம் ஆகாது” என்றாராம். கட்டங்களின் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி அனுப்பினார்கள். ஒட்டிய தாளில் ஒரு தலைவரின் முழுப்பக்கச் சிரிப்பு. அடுத்த சோதனைச் சாவடியில் அதற்காக மறித்தார்கள்.

மார்ச் 26
உக்கிரபாண்டி போன் செய்தார். “கலர மாத்தச் சொல்லு தாயி. ரெண்டு கட்சிக்காரனும் ஓட்டுக் கேட்டு என் வீட்டுக்குத்தான் மொதல்ல வாரான். மருமகன் வண்டி இந்தக் கோலத்துல நின்னா, நான் ரெண்டு பேருக்கும் எப்படித் தலையாட்டுறது? மாத்தலைன்னா நிச்சயதார்த்தம் வேணாம்.”
கொள்கை உள்ள மனிதர்.
தம்பியிடம் “மாத்தித் தொலைடா” என்றேன். பெயிண்டுதானே? பொண்ணு பெருசா, பெயிண்டு பெருசா?

மார்ச் 29
வெள்ளை.

மார்ச் 31
நாகஜோதி என்னைக் கூப்பிட்டாள். “மதினி, அந்த வண்டியப் பாத்துத்தான் சரின்னேன். ஊரே கேலி பண்ணியும் ஒரே பதில் சொன்ன மனுசன். எங்கய்யா ஒரு போன் போட்டதும் வெள்ளையடிச்சிட்டாரு. நாளைக்கி ‘அவள வேலைக்கி அனுப்பாதிய’ன்னு அய்யா போன் போட்டா?”
நூலகத்தில் பன்னிரண்டாயிரம் புத்தகங்களுக்குப் பொறுப்பாளி நான் — யோசனை சொன்ன லட்சணம் இது. மாத்தச் சொன்னதே நான்தானே! வேணாம்னுட்டா. முடிஞ்சுபோச்சு.

ஏப்ரல் 22
வேனைத் தேர்தல் பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். பார்க்க நடுநிலையாக இருக்கிறதாம். முன் இருக்கையில் அதே அதிகாரி. அந்த கேமை இன்னொரு முறை தரச் சொன்னாராம். அழித்துவிட்டேன் என்றானாம் தம்பி.

மே 10
உக்கிரபாண்டி வீட்டுக்கே வந்தார். நாகஜோதியைப் பார்க்க மதுரையிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து அவர்களை அழைத்துவர எங்கள் வேன் வேண்டுமாம். “வெள்ளையா, லெட்சணமா இருக்குல்ல.” வெட்கமும் ஒரு கட்சி என்று நினைத்து விலகியே இருக்கிறார் போலும்.
“அன்னைக்கி வண்டி பெயிண்டர்ட்ட நிக்கும் மாமா” என்றான் தம்பி.
“இப்பத்தான தம்பி அடிச்சிய?”
“இது ப்ரைமரு மாமா. மேல அந்தக் கலர இனிமேத்தான் அடிக்கணும்.”
அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.
மாலையில் நாகஜோதி கூப்பிட்டாள். என்னை அல்ல.