எதிர்மலை மணி

ஆகஸ்ட் 27, 1983. சனி.

தக்காளி விழுதை வெயிலில் காயவைக்கும் வேலை இன்றோடு முடிந்தது. மொட்டை மாடி முழுக்கத் தட்டுத் தட்டாகச் சிவப்பு. நாத்தனார் ஹெலேன் உப்பை வாரி வாரிக் கொட்டிவிட்டு, "போன வருஷம் நீ போட்ட உப்பு பத்தாமத்தான் பூசணம் பூத்துச்சு" என்று பழியை என் தலையில் போட்டாள். நானும் விடவில்லை. எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்று மில்ஹெம் சவரக்கடையைத் திறக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். கட்டிய மனைவியும் கூடப்பிறந்தவளும் சண்டை போட்டால் அவர் கடைக்குத் திடீரென்று கூட்டம் வந்துவிடும்.

மாலையில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ஐன் பல்லூத்திலிருந்து அப்பா அடிக்கும் கோயில் மணி கேட்டது. கொஞ்சம் தாமதம். அபூ நாயிஃப் சித்தப்பாவோடு பகடை ஆடித் தோற்றுக்கொண்டிருந்திருப்பார். சித்தப்பா எங்களுக்கு ரத்த உறவில்லை. நாங்கள் மாரோனியக் கிறிஸ்தவர்கள், அவர் துரூஸ் மதத்துக்காரர். ஆனால் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று, திராட்சைத் தோட்டம் ஒன்று.

செப்டம்பர் 3.

இஸ்ரேல்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். அவர்கள் போனதும் இந்த மலை நம்மவர்களுக்கா துரூஸ்களுக்கா என்று இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காத்திருக்கிறது. அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "இங்க தேர் அல்-லௌஸுக்கு வந்துடுங்கப்பா. அவரு வண்டி எடுத்துட்டு வருவாரு."

"நான் வந்துட்டா மணியை யாரு அடிப்பா? உன் மாமியாரா?"

பின்னாலிருந்து சித்தப்பாவின் சத்தம்: "நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இவன் மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான்னு சொல்லு. ஆனா மணிக்கு நான் பொறுப்பில்ல. அந்தச் சத்தத்துல என் கோழிங்க முட்டையே போடறதில்ல."

அப்பா சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "சாயங்காலம் காது கொடுத்துக் கேளு நுஹாத். மணி அடிச்சா உங்கப்பன் இருக்கான்னு அர்த்தம்."

செப்டம்பர் 5.

தொலைபேசி செத்துவிட்டது. சாலையும் அடைபட்டுவிட்டது. சுற்றுக் கிராமத்துச் சனமெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் வந்து விழுகிறது. மடத்துத் தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. நம்மவர்கள் எங்கோ செய்ததைச் சொல்லி அவர்கள் இங்கே செய்கிறார்கள். அவர்கள் இங்கே செய்ததைச் சொல்லி நம்மவர்கள் வேறெங்கோ செய்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 6.

மணி கேட்டது.

செப்டம்பர் 8.

பெய்ரூத் சாலையிலிருக்கும் பம்தூன் துரூஸ்களிடம் கைமாறிவிட்டதாக வானொலி சொல்கிறது. நம் படை "பின்னோக்கி நகர்ந்ததாம்". ஓடினார்கள் என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா?

இனி நாங்கள் தீவு. நாலு பக்கமும் மலை, நாலு பக்கமும் அவர்கள். இன்று முதல் பீரங்கி பேச ஆரம்பித்தது. ஐன் பல்லூத் பக்கமிருந்து ஒன்று மட்டும் கனத்த தொண்டையோடு. அது வெடித்தால் நாங்கள் பதுங்கியிருக்கும் நிலவறையில் சுண்ணாம்பு உதிர்கிறது.

மணி கேட்டது.

செப்டம்பர் 13.

நாளை சிலுவைத் திருநாள். மற்ற வருடங்களில் இந்த மாலை ஒவ்வொரு மலையிலும் தீ மூட்டுவோம். இந்த வருடம் யார் மூட்டுவார்கள்? குறி பார்க்க வெளிச்சம் காட்டியது போலாகும்.

நிலவறையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் மணி வந்தது. திருநாள் மணி, நிறுத்தாமல், குதித்துக் குதித்து. அந்தக் கனத்த பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று அடிக்கிறார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"பைத்தியக்காரக் கிழவன்" என்றாள் ஹெலேன். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

செப்டம்பர் 16.

ஹெலேன் போய்விட்டாள்.

தண்ணீர் எடுக்க நான்தான் கிளம்பினேன். "நீ பாதியைச் சிந்திட்டுத்தான் வருவ, குடு இங்க" என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஊற்றடியில் வரிசை நின்றிருந்தது. அந்தக் கனத்த பீரங்கிதான். சத்தத்திலேயே தெரிந்தது.

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 17.

மடத்துத் தோட்டத்தில் புதைத்தோம். ஊற்றடியில் போன மற்றவர்களையும் அங்கேயே. பாதிரியார் ஜெபத்தை அவசர அவசரமாக முடித்தார். கூட்டம் கூடினால் குண்டு விழும் என்று துக்க மணிகூட அடிக்கவில்லை. ஓர் அடி, அந்த ஓசை முழுக்க அடங்கும்வரை காத்திருப்பு, பிறகுதான் அடுத்த அடி — எங்கள் மலையில் அப்படித்தான் செத்தவரை அனுப்புவோம். சின்ன வயதில் நான் அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்தால் அப்பா கையைத் தட்டிவிடுவார். "பொறு. செத்தவன் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

ஹெலேனுக்கு அதுவும் இல்லை.

மாலையில் அப்பாவின் மணி வழக்கம்போல வந்தது. இங்கே நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? உற்சாகமாக அடித்தார். முதன்முறையாக அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 18.

ஜெரியஸ் வந்தான். நம் பீரங்கிகளுக்குப் பொறுப்பு அவன்தான். முகத்தில் இன்னும் பருக்கள் போகவில்லை. நான் எந்த ஊர்க்காரி என்று மில்ஹெம்தான் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, ஐன் பல்லூத் முழுக்கச் சரிவு. அவ்ளோ பெரிய பீரங்கியை எங்கக்கா நிறுத்துவானுங்க? நாங்க சுடறதெல்லாம் பாறையிலதான் விழுது."

எனக்குத் தெரியும். அவன் கேட்கும் முன்பே தெரியும். அந்த ஊரில் சமதரை ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டுக்குப் பின்னால், கருவாலி மரங்கள் மறைக்கும் கோதுமைக் களம். அங்கேதான் நான் நடை பழகினேன்.

"எங்கப்பா அங்க இருக்காரு" என்றேன்.

"தெரியும்கா. மணி எங்களுக்கும் கேக்குது."

மில்ஹெமைப் பார்த்தேன். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி, "ஹெலேனோட குடத்தை இன்னும் கழுவல" என்றார். அவ்வளவுதான்.

என்ன செய்வேன்? சொல்லாவிட்டால் நாளைக்கு ஊற்றடியில் யார்? சொன்னால்?

ஜன்னலுக்குப் போய் வலது கையை நீட்டிக் காட்டினேன். "கோயில் கோபுரத்துக்கு இடப்பக்கம். அந்த மரங்களுக்குப் பின்னாடி. ஆனா காலையிலதான் சுடணும். வெயில் ஏறினதும் அப்பா சித்தப்பா வீட்டு முற்றத்துல காப்பி குடிப்பாரு, அது ஊருக்குக் கீழ்ப்பக்கம் பாத்த முற்றம், கெட்டியான சுவர். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தப் பழக்கம் மாறல. சாயங்காலம் மட்டும் வேணாம். சாயங்காலம் கோயில்ல இருப்பாரு."

"என் கண்ணு மேல ஆணை" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

செப்டம்பர் 19.

வெயில் ஏறியதும் சுட்டார்கள். வாக்குத் தவறவில்லை. மரங்களுக்குப் பின்னால் கறுப்புப் புகை எழுந்தது, உள்ளே எதுவோ வெடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு அந்தத் தொண்டை பேசவில்லை.

நிலவறையில் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். யாரோ எனக்கு மட்டும் காப்பி போட்டுத் தந்தார்கள், சர்க்கரையோடு. சர்க்கரை எங்கிருந்து கிடைத்ததோ.

கோபுரம் அப்படியே நிற்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் மணி கேட்கவில்லை.

செப்டம்பர் 20.

மணி கேட்கவில்லை. கோபத்தில் அவர்கள் அடிக்க விடாமல் வைத்திருக்கலாம். கயிறு அறுந்திருக்கலாம். காய்ச்சலாக இருக்கலாம். மழை ஈரம்கூட இல்லாத செப்டம்பரில் என்ன காய்ச்சல்? இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது?

செப்டம்பர் 21.

மணி அடித்தது.

ஓர் அடி. நான் துள்ளி எழுந்து படியேறி வெளியே ஓடினேன். "அப்பா! அப்பாதான்!" என்று கத்தினேன். அடுத்த அடி வரவில்லை. முதல் அடியின் ஓசை பள்ளத்தாக்கில் இறங்கி, தேய்ந்து, முழுக்க அடங்கியது. அப்புறம் இரண்டாவது.

மறுபடி காத்திருப்பு. மறுபடி ஓர் அடி.

அப்பாவின் கை இல்லை அது. கயிற்றை அளவுக்கு மீறி இழுத்த கை. சில சமயம் மணியின் நாக்கு திரும்பி வந்து இன்னொரு முறை இடித்தது. ஆனால் காத்திருப்பு மட்டும் சரியாக இருந்தது. அந்த ஊரில் எங்கள் சனம் யாரும் மிச்சமில்லை. எங்கள் துக்க மணியைக் காலமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர் ஒருவர்தான் இருக்கிறார்.

மில்ஹெம் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

அப்பா. அப்பா. நான் காலையிலதானே சுடச் சொன்னேன்.

செப்டம்பர் 26.

போர் நிறுத்தமாம். வானொலியில் எல்லோருமே ஜெயித்திருக்கிறார்கள். எங்கள் சாலை மட்டும் திறக்கவில்லை.

நவம்பர் 9.

தக்காளி விழுது ஜாடியைத் திறந்தோம். உப்புக் கரிக்கிறது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

டிசம்பர் 16. பெய்ரூத்.

முற்றுகை முடிந்தது. செஞ்சிலுவைக்காரர்களின் லாரியில் எங்களை மலையிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். வழியில், ஐன் பல்லூத்துக்குக் கீழே வளைவில் சோதனைச் சாவடி. வெள்ளைத் தொப்பியோடு ஒரு கிழவர் ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சித்தப்பா. பாதியாக இளைத்திருந்தார்.

"வந்துட்டியா கண்ணு" என்று லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டார். சாவடிக்காரர்கள் என்னை இறங்க விடவில்லை, அப்படியே பேசினோம்.

"காப்பி குடிக்கிற நேரம்தானே சித்தப்பா" என்றேன்.

"எங்க குடிச்சான்? அந்தச் சனியன் பிடிச்ச பீரங்கி வந்ததிலேர்ந்து விடிஞ்சதும் களத்துக்குப் போயிடுவான். பசங்ககிட்ட சண்டை. 'அங்க என் மக இருக்காடா, வேற பக்கம் திருப்புங்கடா'ன்னு. துண்டை விரிச்சுப் பீரங்கி முன்னாடியே உக்காந்துக்குவான். பசங்க திட்டுவாங்க, நான் போய் இழுத்துட்டு வருவேன். அன்னைக்கு எனக்கு முட்டி வலி. போகல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊர் தெரிஞ்ச எவனோதான் காட்டியிருக்கான். இல்லன்னா அந்த மரத்துக்குப் பின்னாடி எப்படி விழும்? காட்டின கை முறிஞ்சு போகட்டும்."

என் வலது கை அவர் கைக்குள் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

லாரி உறுமியது. கூடவே ரெண்டடி நடந்து வந்தார். "மணி கேட்டுச்சா? மொத ரெண்டு நாள் பசங்க கோயிலுக்குள்ள விடல. நீ காத்துக்கிட்டிருப்பியேன்னு சண்டை போட்டுத்தான் போனேன். சரியா அடிச்சேனா?"

"சரியா அடிச்சீங்க சித்தப்பா."

டிசம்பர் 18.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் தங்கியிருக்கிறோம். சாயங்காலம் தெருக்கோடிக் கோயிலில் மணி அடித்தது. மில்ஹெம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.