இரண்டு அங்குலம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், உன் அண்ணி நலம், என் தையல் மெஷினும் நலம். என் பொறுப்பில் நீ விட்ட உன் மகளைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தாவாமல் வரிசையாகப் படி. நேற்றுப் போனில் "சும்மா காய்ச்சல்தான்" என்றேன் அல்லவா, என் வாய்க்கு அவ்வளவுதான் நாணயம். பேனா கொஞ்சம் பரவாயில்லை.

முதலில் தெரு வம்பு. எதிர்க்கடை ஜிம் மாஸ்டருக்கு யோகம். எடை தூக்கி இளைப்பவர்கள் பாதி, அவர் கைப்பையைத் திறந்து இளைப்பவர்கள் மீதி. பெயர் போடாத வெள்ளை மாத்திரை. "காலையில ஒண்ணு போடுங்கண்ணே, பசியே தெரியாது, வேலை பறக்கும்" என்றார். தொப்பைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? போட்டேன். மதியத்துக்குள் ஒன்பது சட்டை தைத்தேன். அதில் இரண்டுக்கு, இரு பக்கமும் இடது கை! நெஞ்சு மெஷினைவிட வேகமாக ஓடியது. பயந்துபோய் மீதியை இழுப்பறையில் போட்டேன்.

தப்பு அங்கே தொடங்கவில்லை. அதற்கும் முன்னால் தொடங்கியது. உன் மகளுக்கென்று நீ ஆசையாக அனுப்பிய கல்யாணத் துணியை, அளவு நோட்டில் பக்கம் மாறி, வேறொருத்தியின் இடுப்புக்கு வெட்டிவிட்டேன். கண்ணாடி போட்டால் என் வயசு தெரிந்துவிடுமாம்! இரண்டு அங்குலம் குறைவு. பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை. முப்பது வருஷத் தையல்காரன் இதை ஒத்துக்கொள்வானா? "கழுதை, நீ பூசிட்டடி" என்று பழியை அவள் இடுப்பில் கட்டினேன். நம்பிவிட்டாள். கல்யாணத்துக்குள், மூன்றே வாரத்தில் இளைத்தாக வேண்டுமே என்று அழுதாள். இழுப்பறையைத் திறந்து கொடுத்தது நான்தான். தீர்ந்ததும் எதிர்க்கடைக்குப் போய் வாங்கி வந்ததும் நான்தான்.

முதல் வாரம் எல்லோரும் மெச்சினோம். ஜன்னலைத் துடைத்தாள். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள். "இவளைக் கட்டிக் குடுக்காம நம்மளே வெச்சுக்கலாமா?" என்றாள் உன் அண்ணி. அப்புறம் தூக்கம் போயிற்று. பல்லை நறநறவென்று கடித்ததில் கடைவாய்ப் பல் ஓரம் உடைந்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது என்று கையைச் சுரண்டிப் புண்ணாக்கினாள். பகல் வெளிச்சத்திலும் கண்மணி சுருங்காமல் பெரிசாகவே இருந்தது. நானோ டேப்பைச் சுற்றி, "இன்னும் அரை அங்குலம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், தங்கச்சி.

நேற்று உடுப்பு பொருந்தியது. கொக்கியை மாட்டிக்கொண்டு, "இப்ப யாரு மாமா பூசினது?" என்று சிரித்தாள். சிரித்தபடியே சரிந்தாள். தொட்டால் உடம்பு இஸ்திரிப் பெட்டி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த உடுப்பைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார். நாடி நூற்று அறுபதாம். சூட்டில் தசை கரைந்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்குகிறது. சிறுநீரகம் தாங்குமா என்று தெரியவில்லையாம். "ஏதாவது மாத்திரை எடுத்தாளா? மறைக்காம சொல்லுங்க, அதை வெச்சுத்தான் வைத்தியம்" என்று டாக்டரம்மா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "பட்டினி கிடந்தா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் கண் திறக்கவில்லை. அதனால் என்னை மறுத்துப் பேச ஆளில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிச்ச மாத்திரை என் சட்டைப் பையில் இருக்கிறது. டாக்டரம்மா அறை பத்தடி தூரம். இதை மடித்ததும் எழுந்து போய் அவர் கையில் கொடுத்துவிடுவேன். அப்புறம் உனக்குப் போன் போடுவேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அந்தப் போன் வந்திருக்கும். அதில் என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

மூத்தவன் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதுதான் முறை. இன்று என் வாய்க்கு அந்தத் தகுதி இல்லை. நீ பெற்றவள், அங்கிருந்தே அவளுக்கு ஒரு வார்த்தை சொல். எழுந்து வரட்டும். எந்த அளவில் வந்தாலும் சரி, கண்ணாடி போட்டுக்கொண்டு அளப்பேன்.

இப்படிக்கு,
நீ மன்னிக்க வேண்டாத
உன் அண்ணன்