இல்லாத நோய்க்கு வந்த மருந்து

பாறசாலை,
ஜூன் 14, ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகள் ஜீனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம், நீயும் மருமகன் ராபின்சனும் குழந்தை அக்சாவும் அங்கே தாய்லாந்தில் ராச்சபுரியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். நலமாக இருக்கிறேன் என்று நான் எழுதினாலும் ஊர் ஒப்புக்கொள்ளாது. ஊரைப் பொறுத்தவரை நான் மறதி நோய்க்காரன். அந்த நோய் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத்தான் ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. இதைப் போனில் பேசலாமே என்று அம்மா சொல்கிறாள். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது நிமிடம் சத்தம் ஏறிவிடுகிறது, உடனே அம்மாவிடம் கொடுங்கள் என்று நீ சொல்லிவிடுகிறாய். வில்லேஜ் ஆபீசில் முப்பது வருடம் மலையாளத்தில் எழுதித் தேய்ந்த கை இது, உனக்கு எழுதும்போது மட்டும் தமிழ் வருகிறது. எழுதினால் கொஞ்சம் நிதானமும் வரும் என்று நினைக்கிறேன். சிஜு செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அந்த சிஜுதான் எல்லாவற்றையும் உடைத்தவன், ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துக் கொல்லயில் ஊர்க்காரன், பூவார் ரிசார்ட்டில் சமையலுக்கு நின்றவன், இப்போது பாங்காக்கில் ஹோட்டலில் இருக்கிறான், உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவன். மே மாதம் லீவில் வந்ததும் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையிடம் கேட்கிறது மாதிரி, "மாமா, என்னைத் தெரியுதா? சிஜு ஆக்கும். இப்போ ஓர்மை எல்லாம் எப்படி உண்டு?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்போதே தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரியும் என்று. சிஜு நல்ல மனதோடு தன் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், அவள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பாகக் கொடுத்திருக்கிறாள். மே மாதக் கடைசி ஞாயிறு, சபை முழுக்க உட்கார்ந்திருக்க, நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, "நம் சகோதரன் நேசமணி அவர்களுடைய ஞாபகசக்தி திரும்பும்படி" என்று போதகர் ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன், வேறு என்ன சொல்வது? அடுத்த வாரத்திலிருந்து வேதபாடம் வாசிக்க என்னைக் கூப்பிடுவதில்லை. பதினெட்டு வருடம் நான் வாசித்த இடத்தில் ரெத்தினதாஸ் நின்று ஆபகூக் என்ற பெயரைக் கடிக்க முடியாமல் கடித்துக்கொண்டிருக்கிறான்.

நடந்ததை நானும் ஒரு முறை எழுதிவிடுகிறேன், நீ எழுதினால் அதில் நான் நோயாளியாகத்தான் இருப்பேன். போன அக்டோபரில் உன் பேறுகாலம் பார்க்க நாங்கள் அங்கே வந்த முதல் நாளே நீ எனக்கு ஒரு பாடம் நடத்தினாய். காலை நீட்டி உட்காரக் கூடாது, யார் தலையிலும் கை வைக்கக் கூடாது, பாசமாகத் தடவுவதானாலும் கூடாது, சத்தமாய்ப் பேசக் கூடாது, கடைக்காரன் சில்லறை கொடுக்க நேரமானாலும் முகத்தைக் கடுக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒலிபெருக்கியில் அவர்கள் தேசியகீதம் வந்தால் நின்றுவிட வேண்டும். ஒரு நாள் சந்தையில் நான் மீன் பார்த்துக்கொண்டு நடந்தேன் என்று சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாய், அத்தனை பேர் நடுவில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் கேட்டு நடந்தேன். ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் ஒற்றைத் தூண்மேல் நின்ற குட்டிக் கோயில் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரி, நீங்கள் பா சோம்ஜித் என்று கூப்பிடுகிறவள், பா என்றால் பெரியம்மா என்று சொன்னாய், அவள் தினமும் வந்து பூமாலையும் ஊதுவத்தியும் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடாவும் அதற்கு வைப்பாள். உள்ளே யானை பொம்மை, ஆடுகிற பெண் பொம்மை, ஒரு கிழவன் கிழவி பொம்மை. அந்த நிலத்துக்குக் காவலாக நிற்கிற ஆவிக்காம். சோடாவுக்கு எறும்பு வரிசை கட்டும், பக்கத்துக் கொடியில்தான் அக்சாவின் துணி காயும். என் தாத்தாவின் அப்பா வேதம் ஏற்ற அன்று தோட்டத்து மூலையில் நின்ற மாடன் பீடத்தை மண்வெட்டியால் இடித்து வாய்க்காலில் தள்ளினார் என்று ஒவ்வொரு சபை ஆண்டுவிழாவிலும் வாசிப்பார்கள், அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். டிசம்பரில் நீயும் ராபின்சனும் அம்மாவும் குழந்தைக்கு ஊசி போடப் போன அன்று, பாட்டிலும் மாலையும் பொம்மையும் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தெருவில் குப்பையோடு வைத்தேன். நீங்கள் திரும்புவதற்குள் வண்டி எடுத்துப் போய்விட்டது.

அந்தம்மா வந்து காலிக் கோயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பை நம்பினேன். நம் ஊரில் கோபம் வந்தால் பக்கத்து வீட்டு வேலி வரை கேட்கும், சிரித்தால் தீர்ந்தது என்று அர்த்தம். அவர்கள் வேதனையிலும் சிரிப்பார்கள் என்று நீ பிறகுதான் சொன்னாய். மூன்றாம் நாள் அவளுடைய தம்பி மகன் வந்து மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொன்னான், மெதுவாக, கைகூப்பிக்கொண்டு. அதன் கனம் எனக்குப் புரியாமல் இல்லை, கடுதாசியோடு வாழ்ந்தவன் நான். வெளிநாட்டுக்காரன் தங்கினால் வீட்டுக்காரர்தான் குடிவரவு ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தச் சீட்டும் அவள் கையெழுத்துப் போட்ட அடையாள அட்டை நகலும் இல்லாமல் ஜனவரியில் ராபின்சனின் விசா நீளாது, விசா நீளாவிட்டால் பள்ளிக்கூட வேலை இல்லை, ஒரு மாதக் குழந்தையோடு நீங்கள் எங்கே போவீர்கள்? அன்று சாயங்காலம் நீ தட்டில் மல்லிகைச் சரமும் மெழுகுதிரியும் வைத்துக்கொண்டு போய், பச்சை உடம்போடு அவள் முன்னால் முழங்கால் போட்டுக் குனிந்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "கோயில்ட்ட இல்லப்பா, அந்தப் பெரியம்மைட்டயாக்கும் மன்னிப்புக் கேட்டேன், அதுல ஒரு தெற்றும் தப்பும் இல்ல" என்று சொன்னாய். அவள் மனம் இறங்கினாள், வீடு தங்கியது, விசாவும் கிடைத்தது. உன் முழங்காலைப் பார்த்துத்தான் இறங்கினாள் என்று ஊருக்கு வந்து ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மூளையில் நோய், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார் என்று நீ சொன்னதால் இறங்கினாள் என்று சிஜு சொல்லித்தான் தெரியும்.

மகளே, உனக்கு வேறு வழி இல்லை என்று அம்மா நூறு முறை சொல்லிவிட்டாள். இருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பெற்ற தகப்பனைப் பைத்தியமாக்கி வீட்டைக் காப்பாற்றினாய், அதை என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்னாய். இங்கே கவலைக்காரர்கள் கொஞ்சமா? மோகனன் கடையில் சாயா குடித்தால், சாயா குடித்தாயிற்று என்று எனக்கே ஞாபகப்படுத்துகிறான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் நான் எங்கே இறங்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கொதிப்பு அடங்காமல் போன வாரம் நெய்யாற்றின்கரைக்கு நானே போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். இன்றைய தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தேன். "சாருக்கு ஒரு குழப்பமும் இல்ல, என்னைவிட நல்ல ஓர்மை உண்டு" என்று சிரித்தார். அதை எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள் என்றேன், தந்தார். அதைச் சபையில் வாசிக்க வைத்து, ஒரு நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு உனக்கும் அனுப்பி, இன்னொரு நகலை அந்தம்மாவிடமும் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் கடிதம் எழுத நினைத்திருந்தேன்.

அதற்குள் வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது. சிஜு கொண்டுவந்த பொட்டலத்தை நான் கோபத்தில் பிரிக்கவே இல்லை, அம்மாதான் நேற்று பிரித்தாள். உள்ளே பச்சைப் பொடி, முகர்ந்து பார்த்தால் வல்லாரை. நம் வாய்க்கால் கரையில் மிதிபட்டுக் கிடக்கிற வல்லாரை. அந்தம்மா தன் கையால் பறித்து, நிழலில் காயப்போட்டு, இடித்து, துணியில் சலித்து, அக்சாவின் தாத்தாவுக்கு ஞாபகம் திரும்ப என்று கொடுத்துவிட்டிருக்கிறாள். அந்தக் கிழவன் கிழவி பொம்மைகள் அவளுடைய அம்மா காலத்தவை என்று சிஜு சொன்னான், நீ அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. நீயும் பள்ளிக்கூட வேலைக்குப் போகும்போது அக்சாவை மடியில் வைத்திருப்பதும் அவள்தானாம். அந்தப் பொடியைப் பார்த்த பிறகு டாக்டரின் சீட்டை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோயிலைப் பற்றி நீ என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சாதித்து வருகிறேன், உன்னிடமும் சாதித்தேன். அது பொய். நீ இரண்டு முறை சொன்னாய். வந்த மறுநாள் சொன்னாய், குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, "அப்பா, அதை மட்டும் தொட்டுராதீங்க, அது பாவோட உயிராக்கும்" என்று சொன்னாய். சாக்கைப் பிடித்தபோது அந்த வார்த்தை என் காதில்தான் இருந்தது. என் மகள் வீடு, என் பேத்தி வளருகிற முற்றம், என் சொல் நடக்கட்டும் என்று செய்தேன். மறந்து செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நவம்பரில் அக்சாவின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் வாருங்கள், ஆனால் பாவுக்கு முன்னால் அப்பா நோயாளியாகவே இருக்க வேண்டும் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அதையும் என்னிடம் நேரே சொல்லவில்லை. கேட்ட அன்று, செத்தாலும் அந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று கத்தினேன். இப்போது எழுதுகிறேன், வருகிறேன். உண்மையை அந்தம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றால் உங்கள் வீடும் விசாவும் போய்விடும், அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். அதனால் மறந்தவனாகவே வந்து அவள் முன்னால் உட்காருகிறேன். என்மேல் உனக்கு இன்னும் கோபம் இருக்கும், எனக்கும் உன்மேல் இருக்கிறது, அது போகிறபோது போகட்டும். டாக்டரின் சீட்டை இதோடு வைக்கவில்லை, சபைக்கும் கொடுக்கவில்லை. ரெத்தினதாஸ் வாசிக்கட்டும்.

மற்றபடி இங்கே மழை பிடித்துக்கொண்டது, அம்மாவுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது, உன்னிடம் சொல்ல மாட்டாள். சிஜு கையில் நேந்திரங்காய் வறுத்த உப்பேரியும் குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடியும் கொடுத்தனுப்புகிறோம், பொடியைக் கட்டி தட்டாமல் காய்ச்சு. ராபின்சனை வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடச் சொல்லு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலாசம் தெரிவிக்கிற சீட்டைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதே, அக்சாவின் பாஸ்போர்ட்டில் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளது போலவே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குழந்தை உன் கண்முன்னே வளர்ந்து பெருகுவாளாக. அந்தம்மாவுக்கு என் வந்தனம் சொல்லு. தினமும் காலையில் அவள் மருந்தைக் குடிக்கிறேன் என்று சொல்லு, அது பொய் இல்லை, இன்று காலை முதல் குடிக்கிறேன். குணமாகிவிட்டது என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
நேசமணி